நாடி பிடித்துச் சாயம் போட்டவர்

காங்கேயம் காளையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு சத்தியம்: இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் அந்தக் காளையே முட்டட்டும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் மாஸ்டரான கியாசுதீன் முப்பது வருடமாகக் கடிகாரம் பார்த்ததில்லை. ஆவியில் கடிகாரம் வியர்த்துவிடும், நாடி வியர்க்காது என்பது அவர் கட்சி. சாயத் தண்ணீரில் நிறத்தைப் பிடிக்கவைக்கும் சோடா உப்பு விழுந்ததும் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைப்பார். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு துடிப்பு. நாற்பது நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது. எண்ணி முடித்து "எறக்கு" என்றால், துணி சாம்பிளோடு ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும்.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, டாக்டர் அனுசுயா ஐந்து மாத்திரை எழுதினார். ரத்தம் உறையாமலிருக்க எழுதியதில் பல் துலக்கும்போது ஈறு கசிந்தது. கொழுப்பு மாத்திரையில் தொடை வலித்தது. பிரஷர் மாத்திரையில் வறட்டு இருமல். பட்டறை நாய் அந்த இருமலுக்குப் பதிலுக்குக் குரைக்கப் பழகியிருந்தது. நான்காவது, நெஞ்சு வலித்தால் மட்டும் நாக்குக்கு அடியில் வைப்பது. ஐந்தாவது, துடிப்பைக் குறைப்பது.

"உங்க இருதயம் ஓவர்டைம் பாத்துட்டு இருந்துச்சுங்க பாய். இந்த மாத்திரை அதை ஒத்த ஷிப்டுக்குக் கொண்டாரும். நீங்களா நிறுத்திப்போடாதீங்க. கடிவாளம் அறுந்த குதிரையாட்டம் பாயும்" என்றார் டாக்டர்.

அடுத்த லாட்டுத் துணியில் மயில் நீலம் கருநீலமாக இறங்கியது. முதலாளி பொன்னுச்சாமி துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், மயிலுக்கு யாராச்சும் செத்துட்டாங்களா? துக்கத்துல நிக்குது. புதன்கிழமை மறுபடி போடறோம். அதுவும் தப்புச்சுன்னா வேற மாஸ்டரைத்தான் பாக்கோணும்."

வீட்டில் பிரஷர் மெஷின் நாடியை ஐம்பத்து நான்கு என்று காட்டியபோதுதான் கியாசுதீனுக்கு உறைத்தது. இதே எண்ணிக்கையை முடிக்க இப்போது ஐம்பத்து மூன்று நிமிடம் ஆகிறது. துணி கூடுதலாக ஊறுகிறது. அன்றிலிருந்து மூன்று நாள் அந்த ஒரு மாத்திரையை மட்டும், மனைவி நூர்ஜான் பார்க்காத நேரத்தில், வீட்டில் கிடந்த காலி நூல் கோனுக்குள் போட்டுவந்தார்.

புதன்கிழமை மதியம் சோடா விழுந்தது. விரலை வைத்தார். நாடி நடக்கவில்லை, ஓடியது. ஆயிரத்தைத் தாண்டும்போது தாடை இறுகியது. ஆயிரத்து ஐந்நூறில் இடது கையில் ஈயம் காய்ச்சி ஊற்றினாற்போல் வலி இறங்கியது. நாக்கடி மாத்திரை சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்க வேண்டுமென்றால் விரலை எடுக்க வேண்டும். விரலை எடுத்தால் எண்ணிக்கை போகும். எண்ணிக்கை போனால் வேலை போகும். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரம். தொள்ளாயிரத்து ஒன்று.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன நூர்ஜான் பட்டறைக்கு ஓடிவந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. ஊசிப் பொத்தல்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது.

"கோனைத் தூக்குனா மூணு மாத்திரை உருளுது! விரலை எடுங்க!"

"இன்னும் தொள்ளாயிரத்துச் சொச்சந்தான், நூரு..."

"அதை எண்ணி முடிக்கறதுக்குள்ள அது உங்களை முடிச்சுப்போடும்ங்க. உக்காருங்க மொதல்ல. நின்னுட்டு வெச்சா பிரஷர் எறங்கித் தல சுத்தும்."

அவளே விரலைப் பிரித்தாள். அவளே மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாள். தலைக்குள் உலக்கை இடித்தது. நெஞ்சு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

"பாய், லாட்டு?" என்றார் பொன்னுச்சாமி.

"துணி கெட்டா மறுபடி போடலாமுங்க. இவரைப் போட முடியுங்களா?"

பொன்னுச்சாமி கார் சாவியை எடுத்தார். மூவரும் கிளம்பிப் போனதில் "எறக்கு" என்று சொல்வதற்கு யாரும் இல்லை. சாயந்தரம் மெஷினைத் திறந்தபோது, காக்கை உட்கார்ந்தால் காக்கையைத் தேட வேண்டும், அப்படி ஒரு நிறம்.

இரண்டு நாள் கழித்து, ஐ.சி.யூ.வில் கியாசுதீன் கண்ணீரோடு காரணத்தைச் சொன்னார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாத்திரையை எதுக்குங்க பாய் கொறைச்சீங்க? எண்ணிக்கையைக் கொறைச்சிருக்கலாமுல்ல? அம்பத்து நாலு துடிப்பு, நாப்பது நிமிசம். ரெண்டாயிரத்து நூத்தி அறுவது."

அடுத்த மாதம் கியாசுதீன் மாத்திரை போட்டுக்கொண்டு, இரண்டாயிரத்து நூற்று அறுபது எண்ணி "எறக்கு" என்றார். எது சாம்பிள், எது துணி என்று தெரியாமல் பொன்னுச்சாமி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காளை முட்ட வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கியாசுதீன் முப்பது வருடமாக வேலை பார்ப்பது காங்கேயத்து எண்ணெய் மில் ஒன்றில். சாயம் என்று அவர் தொட்டது தலைமுடிக்குப் போடுவது மட்டும்தான்.