பெடலக்காவின் கால்

பெடலக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் அந்தத் தெருவில் அவள் மிதிக்காத பிரேக் குறைவு. கணவர் மெக்கானிக், வீட்டை ஒட்டியே ஷெட். பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் காற்று வெளியேறும் திருகான நிப்பிளைத் திறந்து மூட. இருபத்தாறு வருஷமாக மிதிக்கிற ஆள் அவள்தான். அடுப்பில் எது கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருவாள். கீழேயிருந்து மூன்றே சொல் வரும். மிதி. பிடி. விடு. கல்யாணமான புதிதில் மனுஷன் இதைவிடக் கொஞ்சம் கூடப் பேசினார் என்று அவளே கேலி செய்வாள்.

அன்று ஷெட்டில் நின்றது மாப்பிள்ளையின் கார். மகளையும் மூன்று மாதக் குழந்தையையும் அழைத்துப் போக வந்திருந்தான். வழியில் மலை இறக்கம். "மாமா, பிரேக்கை ஒரு தடவை பாத்துடுங்க" என்று அவன் கேட்டதும் மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. முன் சக்கரம் இரண்டிலும் பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, கழுவி, புது சீல் போட்டு மாட்டினார். காற்றும் எடுத்தாயிற்று.

"அவ்வளவுதான், இறங்கு" என்றார்.

அவள் இறங்கவில்லை. கடைசி மிதியில் பெடல் பாதி தூரம் சும்மா போய், ஈரத் துணிமூட்டை மாதிரி அமுங்கியது.

"மெத்துனு இருக்குங்க."

அவளை நகரச் சொல்லி அவரே ஏறி, மளமளவென்று மூன்று முறை மிதித்தார். "கல்லு மாதிரி இருக்கு. உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் போன மழைக்காலத்தில் அவள் வாயை மூடிக்கொண்டாள். இதே ஷெட்டில் பிரேக் வேலை பார்த்த தையல்காரரின் காரிலும் பெடல் இப்படித்தான் இருந்தது. மறுவாரம் அது ஒரு சுற்றுச்சுவரில் போய் முட்டி, அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. கார் பழைய இரும்பாக எடைக்குப் போயிற்று. ஈர ரோடு, வழுக்கிவிட்டது என்று ஊரே சொன்னது. மெக்கானிக்கும் சொன்னார், அவளும் தலையாட்டினாள். தையல்காரர் இன்னும் இடது கையால்தான் கத்தரி பிடிக்கிறார்.

உள்ளே மகள் குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நிமிஷம் காலை எடுத்துடுங்க. அப்புறம் ஒரே ஒரு தடவை மிதிங்க."

"மாப்பிள்ளை கிளம்பணும்."

அவள் கையை நீட்டிச் சாவியை உருவிக்கொண்டாள். "மிதிச்சுட்டு வாங்கிக்குங்க."

வாசலில் நின்ற மாப்பிள்ளை எதுவும் காதில் விழாதவன் போலக் கைபேசியை நோண்டினான். மெக்கானிக்கின் முகம் கடுகடுத்தது. ஆனாலும் காத்திருந்து மிதித்தார். பெடல் இறங்கியது. இரண்டாவது மிதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. மூன்றாவதுக்குக் கல். அடுத்தடுத்து மிதித்தால்தான் கெட்டிப்படும் என்றால் உள்ளே காற்று இருக்கிறது. இது அவருக்குத் தெரியாதா என்ன.

ஆயில் அளவு சரியாக இருந்தது. எங்கும் ஒழுகல் இல்லை. டார்ச்சோடு சக்கரத்தடியில் குனிந்தவர் வெகுநேரம் எழவில்லை. பிறகு மறுபக்கம் போய்ப் பார்த்தார். காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டிய நிப்பிள் இரண்டு பக்கமும் அடியில் இருந்தது. காற்று மேலே தங்கிவிடும், அடியில் திறந்தால் வருவது வெறும் ஆயில்தான். நாள் முழுக்க மிதித்தாலும் தீராது.

"இடம் வலம் மாத்தி மாட்டிட்டேன்" என்றார், சக்கரத்திடம் சொல்வது போல.

முன்பெல்லாம் கழற்றிய காலிப்பரை அந்தந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே வைப்பார். போன வருஷம் ஒரு பெரிய தகரத் தட்டு வாங்கினார். அன்றிலிருந்து இரண்டையும் அதில் ஒன்றாகப் போட்டுத்தான் கழுவுகிறார்.

மாற்றி மாட்டினார். அவள் மறுபடி உட்கார்ந்தாள். மிதி, பிடி, விடு. இந்த முறை நிப்பிளில் மாட்டிய குழாயில் குமிழ் குமிழாக வந்தது. குமிழ் நின்ற பிறகு கீழேயிருந்து புதிதாக ஒன்று வந்தது.

"எப்படி இருக்கு?"

இரண்டு நிமிஷம் காலை எடுத்திருந்து மிதித்தாள். பெடல் மேலேயே கெட்டியாக நின்றது. "இப்ப போகலாம்" என்று சாவியைக் கொடுத்தாள். அவர் தெருமுனைவரை ஓட்டி, நாலு இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு வந்தார்.

மகளும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போன பிறகு அவர் தட்டைக் கழுவ எடுத்தார். கழுவாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தையல்காரர் வண்டில எப்படி இருந்துச்சு?"

நீங்க கேக்கலையே என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான்.

"இதே மாதிரிதான் இருந்துச்சு. தெரிஞ்சும் நான் சொல்லலை."

அவர் தட்டைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டார். தையல் கடை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"நீ இரு. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"மிதிச்சது நான்தானே" என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.