செட்டியார் வீடு சிம்பாங் பூலாய் வந்து சேர்ந்தது

மகள் நாகம்மைக்கு நீதிமன்றம் மணவிலக்குக் கொடுத்த வாரத்தில், ஈப்போவில் இருந்த பெத்தபெருமாள் செட்டியாரின் வீடு சிம்பாங் பூலாயை நோக்கி நகரத் தொடங்கியது. தேக்குத் தூண்கள் தாங்கிய கனத்த வீடு; ஆமையைவிட மெதுவாகப் போனது. சுவரில் ஒரு கீறல் விழவில்லை, அடுப்பிலிருந்த பால் தளும்பவில்லை.

நாகம்மையின் கணவன் உடையப்பன் தஞ்சோங் மாலிமில் நல்ல வேலையில் இருந்தவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான், அவ்வளவுதான். அது பாதுகாப்பு என்றே செட்டியாரும் சொல்லிவந்தார். ஒரு நாள் அவள் கேட்டேறிக் குதித்து வழக்குப் போட்டாள். தம் குடும்பத்துப் பெண் கோர்ட்டில் நின்றதைத் தாங்க முடியாமல், இனி அவள் தம் முன்வாசலில் கால் வைக்கக் கூடாது, தாமும் அவளைத் தேடிப் போவதில்லை என்று சாமி வீட்டில் சத்தியம் செய்தார். அவள் சிம்பாங் பூலாயில் கேமரன் மலைக் காய்கறிக் கடை வைத்தாள். லோரியைத் தானே ஓட்டினாள்.

முதல் வருடம் வீடு குனோங் ராப்பாட்டைத் தாண்டியது. வழியில் சீனர் காப்பிக் கடைக்காரர் மேசைகளை ஒதுக்கி இடம் விட்டார். செட்டியார் முகப்பில் முதுகு சாயாமல் உட்கார்ந்து நாளிதழ் படித்தார். பங்காளி சிவபிரகாசம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்னண்ணே, மகள் வீட்டுக்குக் கெளம்பிட்டீங்க போல லா" என்றார்.

"நான் உக்காந்த எடத்துலதான் இருக்கேன்."

அது பொய்யில்லை. ஆனால் சுண்ணாம்புக் குன்றுகள் ஒவ்வொன்றாக ஜன்னலைக் கடந்து போனபோதும், பழைய தோட்டத்தின் ரப்பர் மரங்கள் இரு பக்கமும் விலகி நின்றபோதும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. மனைவி அழகு ஆச்சியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

மூன்றாம் வருடம் வீடு நாகம்மையின் கடைக்கு எதிரே வந்து நின்றது, பின்வாசல் அவள் பக்கமாக. செட்டியாருக்கு நெஞ்சு நிறைந்தது. பெண்கள் புழங்கும் பின்கட்டு வழியாக அவள் வந்து போனால் சத்தியமும் பிழைக்கும், மகளும் கிடைப்பாள். ஆச்சியை அனுப்பி அழைத்தார். நாகம்மை வந்தாள். பின்வாசலுக்கு வெளியிலேயே நின்று, உள்ளே இருந்த அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"திருட்டுத்தனம் பண்ணிட்டு வந்தவ இல்ல அப்பச்சி. பின்வாசல் வழியா வர மாட்டேன்."

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வீடு, நின்ற இடத்திலேயே திரும்பத் தொடங்கியது. பள்ளிவாசல், சந்தை, மலை எல்லாம் முகப்புக்கு முன்னால் மெல்லச் சுற்றி வந்தன. கேமரனுக்குப் போகும் வண்டிகள் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தன. மாலையில் நாகம்மை அவருக்கு நேர் எதிரே தெரிந்தாள், கோஸ் நிறுத்துக்கொண்டு. செட்டியார் எழுந்து முன்வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் தம் கையாலேயே திறந்தார்.

"சத்தியத்துக்கு நான் சாமிகிட்ட பதில் சொல்லிக்கிறேன். உள்ள வா ஆத்தா."

அவள் கோசைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, படியேறி வந்தாள்.

வீடு அப்புறம் நகரவில்லை. ஈப்போவில் அது இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.