சூட்டை எங்கே கொட்டுவது?

1

இது கதையாகப் பிறக்கவில்லை. கம்ப்யூட்டர் அறைகளைக் குளிர்விப்பது எப்படி என்று ஒரு பத்திரிகை என்னிடம் எளிய கட்டுரை கேட்டது. முதல் வரி சுலபமாக வந்தது: குளிரை யாரும் உண்டாக்குவதில்லை, சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறார்கள். இரண்டாம் வரியில் மாட்டிக்கொண்டேன். எந்த இடத்தில்? அங்கே யார் இருக்கிறார்கள்? கட்டுரைக்கு அது வேண்டாத கேள்வியாம். வேண்டாமென்றால் போகட்டும், நான் கதை எழுதிக்கொள்கிறேன்.

2

1948, சித்திரை. லஸ் அருகே ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. துளையிட்ட அட்டைகளைப் படித்துக் கணக்குக் கூட்டும் ராட்சத இயந்திரம் வந்து இறங்கியது. [கம்ப்யூட்டருக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.] ஓடினால் கொதிக்கும், கொதித்தால் நின்றுவிடும். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்துப் பார்த்தார்கள். அட்டைகள் நமுத்துச் சிக்கிக்கொண்டன.* கடைசியில் மேனேஜர் தணிகாசலம் சுவரில் ஓட்டை போட்டு, சூட்டை வெளியே தள்ளும் விசிறியைப் பொருத்தினார். தெருப்பக்கம் உடைத்தால் கட்டடத்தின் முகப்புக் கெட்டுவிடும். இன்னொரு பக்கம் அவருடைய அறை. மிச்சமிருந்த சுவருக்கு அப்பால், அட்டையில் துளையிடும் பெண்கள் இருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தியான வெரோனிகா, சாந்தோம் கோவில் மணியோசையில் கண்விழிக்கும் சாதுவான...

இல்லை. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். சாதுவாம்! அவளைச் சாதுவாக்கினால் எனக்கு வேலை சுலபம், அவ்வளவுதான்.

* சென்னைக் காற்றில் ஏற்கெனவே பாதி கடல். அதன்மேல் இன்னும் ஈரமா?

3

ஓட்டைக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்த கோமளம் பிள்ளைத்தாய்ச்சி. ஒருநாள் அந்தச் சூட்டில் மயங்கி மேசைமேல் சாய்ந்தாள். வெரோனிகா அவளை வராந்தாவில் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தாள். திரும்பி வந்து, அட்டைகள் வந்த மரப்பெட்டியின் மூடியை எடுத்து ஓட்டையில் வைத்து, முதுகைக் கொடுத்து அழுத்தி நின்றாள். சற்று நேரத்தில் அடுத்த அறையில் இயந்திரம் முனகி ஓய்ந்தது. தணிகாசலம் ஓடிவந்தார்.

"பலகைய எடும்மா! மெஷின் சூடு தாங்காது."

"நாங்க மட்டும் தாங்குவோமா சார்? கோமளம் வராண்டாவுல கெடக்குறா, பாத்தீங்களா?"

"அவளுக்கு லீவு தரேன். மெஷின் நின்னா ஆபீஸே நின்னுபூடும்."

"அப்போ ஓட்டைய உங்க ரூம் பக்கம் போடுங்க. சூடு எங்கனா போய்த்தானே ஆவணும்."

"உனக்கு வேல வேணுமா, வாணாமா?"

"வேணும் சார். அதான் நின்னுகினு கீறேன்."

வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பெரியாது. அப்பா பவுல்சாமி படுத்த படுக்கை. [படுக்கவைத்தவன் நான்தான். பயந்து பணிந்துவிடுவாள் என்று பார்த்தேன். பணியவில்லை.]

4

முடிவு ஒன்று: அவளை வேலையைவிட்டு நீக்கினார்கள், விசிறி ஓடியது. நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: தணிகாசலம் மனம் மாறி, தன் அறைச் சுவரையே உடைக்கச் சொல்லி... எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

ஆக, அவள் இன்னும் நிற்கிறாள். பலகை சுடுகிறது. ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. தேவானை என்றொருத்தியை நான் யோசிக்கவேயில்லை. அவள் தன் மேசையைவிட்டு எழுந்து வந்து, பலகைக்குத் தன் முதுகையும் கொடுக்கிறாள்.

அவர்களை விலகச் சொல்ல எனக்கு மனமில்லை, சொல்லவும் மாட்டேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பலகையை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்பவர், தன் வீட்டு மின்விசிறிக்கடியில் சாய்ந்துகொண்டு எழுதக் கூடாது. கோமளத்தின் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அதில் வந்து உட்கார்ந்து எழுதுங்கள்.