டவர் இல்லாத வண்டி

போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன ஆள் போன் பண்ணவில்லை என்றால் மல்லசமுத்திரத்துப் பக்கம் யாரும் பதறுவதில்லை. டவர் இருக்காது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அந்த வண்டிகளின் கணக்கைக் கம்ப்யூட்டரில் பார்க்கும் சௌந்தர்யாவும் அதையேதான் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவள் புருஷன் மதன் சத்தீஸ்கர் வண்டிக்குப் போனதே அவளோடு சண்டை போட்டுக்கொண்டுதான்.

கணக்கு ப்ரோகிராம் அவள் சி மொழியில் எழுதியது. ஓடுகிற ப்ரோகிராமை ப்ராசஸ் என்பார்கள்; தாய் ப்ராசஸ் ஒன்று, தன்னைப் போலவே வண்டிக்கு ஒன்றாகப் பிள்ளை ப்ராசஸ்களை ஃபோர்க் பண்ணிப் பிரித்து அனுப்பும். பிள்ளை தன் வண்டியில் மாட்டிய பெட்டியிடம் ஆழம், டீசல் எல்லாம் கேட்டு, பைப் என்கிற, கொஞ்சமே கொள்ளும் கம்ப்யூட்டர் குழாய் வழியாகத் தாய்க்குத் தரும். திங்கட்கிழமையிலிருந்து மதன் வண்டிக்குப் போன பிள்ளை முடிந்தபாடில்லை. தாய் அதற்காகவே காத்து நிற்க, மற்ற வண்டிகளின் கணக்கும் கிடப்பில் கிடந்தது.

முதலாளி முருகானந்தம் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏஞ்சாமி, ஒரு வண்டிக் கணக்குமே வரலியே?"

"அவரு வண்டி நிக்கிற எடத்துல டவர் இல்லீங்க."

"எதுக்கும் ஒருக்கா பாத்துரு சாமி."

பார்க்க அவளுக்கு மனசே இல்லை. அந்த ஒரு சமாதானத்தை வைத்துத்தான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் பார்த்தாள். பிள்ளை உயிரோடுதான் இருந்தது. எழுதி எழுதிப் பைப் நிரம்பியதும் அப்படியே நின்றுவிட்டது. தாய் படித்து இடம் விட்டால்தான் அது முடிக்கும். தாயோ அது முடித்தால்தான் படிப்பேன் என்று வெயிட்டில் நிற்கிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. எழுதியவள் அவளேதான், யாரைத் திட்டுவது?

முதலில் படி, அப்புறம் வெயிட் பண்ணு என்று மாற்றி ஓட்டினாள். மதன் வண்டியின் கணக்கு கொட்டோ கொட்டென்று கொட்டியது. வண்டி ராப்பகலாக ஓடியிருக்கிறது, அதனால்தான் அத்தனை நீளம். வரிக்கு வரி சிக்னல் அளவும் இருந்தது. ஒரு வரியில்கூடக் குறையவில்லை.

"டவர் நல்லாத்தான் இருந்திருக்குது," என்று சிரித்துவிட்டு முருகானந்தம் தன் அறைக்குப் போனார்.

அவன் கூப்பிட்டிருக்கலாம். அவளும்தான் கூப்பிட்டிருக்கலாம். போனை எடுத்து அழுத்தினாள். மணி முழுசாகப் போய் ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை பாதி மணியிலேயே கட் பண்ணிவிட்டான்.