கால்குலஸுக்குப் போகும் ஃபுட்பால் பஸ்

எங்கள் மில் ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியில் உயர்நிலை என்பது பெயரோடு சரி. கல்லூரிக்கு ஈடான பாடங்கள் என்று மொத்தம் இரண்டு வைத்திருக்கிறோம். ஒன்று அமெரிக்க வரலாறு. அதை நடத்துபவர் துணைக் கோச், நடத்துவது சினிமா போட்டு. இன்னொன்று ஆங்கிலம். அதை நடத்திய அம்மாள் பிரசவ விடுப்பில் போனார், பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிரெஸ்ட் ஹில் பள்ளியில் இதே மாதிரிப் பாடங்கள் இருபத்து மூன்று. ஓவியங்களின் வரலாற்றுக்கே தனியாக ஒரு வகுப்பு, அதற்கென்று படம் போட்டுக் காட்ட இருட்டாக்கிய ஓர் அறை. இரண்டும் ஒரே மாநிலம்தான், ஒரே கவர்னர்தான். நடுவில் ஒரு பாலம்.

என் பெயர் லோர்னா ப்ரூயிட், இங்கே கணக்கு டீச்சர். கால்குலஸ் எனக்கு நடத்தத் தெரியும். ஆனால் பதினைந்து பேர் சேர்ந்தால்தான் வகுப்பு என்பது எங்கள் பள்ளிக் குழுவின் விதி. வருடா வருடம் நாலைந்து பேர் கேட்பார்கள், வகுப்பு கிடையாது என்று ஆகும். அந்த நேரத்தில் என்னை மதிய உணவுக் கூடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், பிள்ளைகள் உருளைக்கிழங்கு வறுவலை ஒருவர் மேல் ஒருவர் எறியாமல் பார்த்துக்கொள்ள. கணக்கில் முதுகலை படித்தவளுக்குப் பொருத்தமான வேலைதான்.

ஃபுட்பாலுக்கும் ஆள் தேறவில்லை. ஊரில் பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். ஆனால் அதற்கு மட்டும் பள்ளிக் குழுவுக்குத் தூக்கம் போய்விட்டது. குப்பை வண்டியிலிருந்து குடிதண்ணீர் வரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு ஊர்களும் ஒரே கூட்டத்தில் கையெழுத்துப் போட்டன. இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரே அணி, எங்கள் பையன்களை ஏற்றிக்கொண்டு தினமும் பாலம் தாண்டிப் போக ஒரு மஞ்சள் பஸ். பதினொரு பேர் தேறவில்லை என்றால் பாலத்தைத் தாண்டலாம், பதினைந்து பேர் தேறவில்லை என்றால் பாடத்தையே மூடிவிடலாம். இதைச் சொன்னால் வேறு ஊரில் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கடைசி வருடம் படித்த கோரா ஹெல்ம்ஸ் இந்தக் கதைக்குள் வருவது இந்த பஸ்ஸால்தான். அவள் அம்மா கோழித் தொழிற்சாலையில் இரவு வேலை, வீட்டில் இருப்பது ஒரே கார். கோராவுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வேண்டும். வசந்த காலத்தில் நடக்கும் கால்குலஸ் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால் நேராகச் சேரலாம், இல்லாவிட்டால் ஒரு வருடம் சொந்தச் செலவில் ஆயத்த வகுப்பு என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வருடம் ஹெல்ம்ஸ் குடும்பத்தால் முடியாது. கிரெஸ்ட் ஹில் பள்ளியோ வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. தோள் அகலமாக இருந்தால் மட்டும் யோசிப்பார்கள்.

கோராவைக் கூட்டிக்கொண்டு எங்கள் பிரின்சிபால் டேல் ஸ்டைவரிடம் போனேன்.

"பஸ்ல பாதி சீட் காலியாத்தான போகுது டேல். இவளும் ஏறிக்கட்டும். அங்க கடைசி பீரியட் கால்குலஸ். அதை நடத்துற பெட்ராஸ்கி சார்கிட்ட பேசிட்டேன், உக்கார விடுறேன்னுட்டாரு."

"அது விளையாட்டு பஸ், லோர்னா. இன்சூரன்ஸ் அணியில இருக்கறவங்களுக்கு மட்டுந்தான்."

"அந்தப் பசங்க அங்க சீக்கிரமே போய் இறங்கி, ஒரு மணி நேரம் கேன்டீன்ல உக்காந்து போனைத் தடவிட்டிருக்கானுங்க. அதுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

"அது டீம் ஒற்றுமைக்கான நேரம்," என்றார் டேல். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. உண்மையில் அந்த பஸ்தான் திரும்பி வந்து சின்னப் பிள்ளைகளை வீட்டில் இறக்க வேண்டும், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது. அது அவருக்கும் தெரியும்.

பக்கத்தில் நின்ற கோரா கேட்டாள். "தண்ணி தூக்குறவங்க அணியில சேர்த்தியா சார்?"

"மேனேஜர்னு சொல்லணும்மா. சேர்த்திதான்."

"அப்ப நான் தண்ணி தூக்குறேன்."

டேலுக்கு ஒரே சந்தோஷம். பள்ளிப் பற்று என்றால் இதுதான் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அப்படித்தான் அவள் ஒப்புக்குச் சப்பாணியாக அணியில் சேர்ந்தாள். பஸ் கிரெஸ்ட் ஹில் வாசலில் நின்றதும் பையன்கள் கேன்டீனுக்குப் போவார்கள், இவள் மாடி ஏறி கால்குலஸ் வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருவாள். பிறகு இறங்கி வந்து மைதானத்தில் வாளி தூக்குவாள். பெட்ராஸ்கி என்னிடம் போனில் சொன்னது இவ்வளவுதான்: "கதவு தெறந்துதான் இருக்கும். யாரு வர்றா, யாரு போறான்னு நான் எண்ணிட்டு இருக்கறதில்ல." அந்த ஊரிலும் ஒரு மனிதர் இருந்தார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

நவம்பரில் அணி தோற்றது. ஃபுட்பால் முடிந்தால் பஸ்ஸும் முடிந்தது. ஊரே துக்கம் காத்தது, பேக்கரிக்காரர் கடைக் கதவில் கறுப்பு ரிப்பன் கட்டினார். கோராவுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. பாவம், ஆட்டத்தின் மேல் அவ்வளவு பிரியம் என்று டேல் அவள் தோளைத் தட்டினார். பாடம் பாதியில் நிற்கிறது என்று அழுகிறாள், மனுஷா.

அடுத்த பஸ் மல்யுத்தத்துக்கு. அதற்கும் இரண்டு ஊருக்கும் ஒரே அணிதான், எல்லா ஆட்டத்துக்கும் ஒரே கோச்தான், லான்ட்ஸ் என்று பெயர். கழுத்தில் விசிலோடு பிறந்தவர். அங்கே வாளி தூக்க ஏற்கெனவே ஆள் இருந்தது. ஆகவே ஆட்டக்காரியாகவே சேரக் கோரா போய் நின்றாள்.

"ஏம்மா, இதுக்கு முன்னாடி மல்யுத்தம் பண்ணிருக்கியா?" என்று லான்ட்ஸ் கேட்டிருக்கிறார்.

"தம்பியோட சண்டை போட்டிருக்கேன் கோச்."

"ஜெயிச்சியா?"

"இல்ல."

"எதுக்கும்மா இந்த வம்பு?"

"பஸ்ல வரணும் கோச்."

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, சேர்த்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க கோரா மல்லாந்துதான் கிடந்தாள். எதிராளி கையைப் பிடிப்பாள், அடுத்த நிமிஷம் இவள் முதுகு தரையில் இருக்கும். ஒரு போட்டியில்கூட ஜெயிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் எழுந்து வந்து நின்றாள். அதைப் பார்த்து ஊர் உருகியது. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் போட்டு விடாமுயற்சி என்று எழுதினார்கள். சர்ச்சில் அவள் பெயரைச் சொல்லிப் பிரசங்கம் செய்தார்கள். எதற்காக இந்தப் பெண் தேடிப் போய் அடி வாங்குகிறாள் என்று ஒருவர் கேட்கவில்லை. காலையில் என் வகுப்பு தொடங்குமுன் வந்து, காதுக்குக் கீழே ஐஸ் பையை வைத்து அழுத்திக்கொண்டு முந்தின நாள் கணக்கைப் போட்டுக் காட்டுவாள். விடை சரியாக இருக்கும், கழுத்து கன்றிப்போயிருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இதே பாடத்துக்குச் செய்ய வேண்டியதெல்லாம் மாடி ஏறுவதுதான்.

மல்யுத்தம் முடிந்ததும் குண்டு எறிதலில் சேர்ந்தாள். குண்டு அவள் காலடியிலேயே விழுந்தது. அதனால் என்ன, பஸ் ஓடியது.

கடைசியில்தான் இடி விழுந்தது. தேர்வு மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கிரெஸ்ட் ஹில்லில், காலை எட்டு மணிக்கு. பஸ் போவதோ மதியத்துக்கு மேல். அவள் அம்மா வேலையிலிருந்து வீடு திரும்பவே எட்டரை ஆகிவிடும். அந்தப் பாலத்தில் நடக்கப் பாதை கிடையாது. ஆசிரியர் தன் காரில் மாணவரை ஏற்றினால் வேலை போய்விடும் என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. போனால் போகட்டும் என்று நான் சொன்னேன். கோரா ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்களும் போயிட்டா அடுத்த வருஷம் இங்க கணக்கு யாரு மிஸ் நடத்துவா? துணைக் கோச்சா?"

மறுபடியும் டேலிடம் போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "நாமதான் அந்தப் பாடம் நடத்தறதே இல்லயே லோர்னா. நடத்தாத பாடத்தோட பரீட்சைக்கு எப்படி பஸ் விடுறது?"

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை விளையாட்டு விருந்து. மூன்று பருவமும் ஆடியவள் என்று கோராவுக்குக் கேடயம். பள்ளிக் குழு மொத்தமும் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது, தட்டில் கோழி வறுவலோடு. குழுத் தலைவி ஜோடி விக்கர்ஸ் கேடயத்தைக் கொடுத்து, மைக்கையும் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசும்மா என்றார்.

"திங்கக்கிழமை காலைல எனக்கு ஒரு பஸ் வேணும்," என்றாள் கோரா. "எட்டு மணிக்கு அந்தப் பக்கம் கால்குலஸ் பரீட்சை. அதுக்காகத்தான் வருஷம் பூரா ஆடினேன்."

சிலர் சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. விக்கர்ஸ் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ பேசிவிட்டு நிமிர்ந்தார். "கண்ணு, அது நிகழ்ச்சி நிரல்ல இல்லயே. படிப்பு சம்பந்தமான செலவுன்னா ஓட்டெடுப்புக்கு வரணும். அடுத்த மாசக் கூட்டத்துல மனு குடு, பார்க்கலாம்."

அடுத்த மாதம் தேர்வு முடிந்து புல் முளைத்திருக்கும். நான் எழுந்துவிட்டேன். வாயில் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. அதற்குள் கோரா மேடையின் ஓரத்தில் இருந்த லான்ட்ஸ் பக்கம் திரும்பினாள்.

"கோச், திங்கக்கிழமை காலைல குண்டு எறிதல் பயிற்சி இருக்குல்ல?"

லான்ட்ஸ் பிடரியைச் சொறிந்தார். கோழியைப் பார்த்தார், கேடயத்தைப் பார்த்தார். "இருக்கு," என்றார். "ஏழு மணிக்குக் கிளம்பணும். ஸ்பெஷல் பயிற்சி."

"எத்தனை பேரு?" என்று விக்கர்ஸ் கேட்டார்.

"ஒருத்திதான்."

"விளையாட்டுன்னா ஓட்டெடுப்பு எதுக்கு? பஸ் விட்டுருங்க," என்றார் விக்கர்ஸ். கூடம் கைதட்டியது.

அத்தனை பேரும் காதால் கேட்டார்கள். ஒரு நிமிஷத்துக்கு முன் அவள் சொன்னதையும் கேட்டார்கள், இதையும் கேட்டார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. அல்லது உறைத்திருக்கும், ஓட்டுப் போடும் வேலை மிச்சம் என்று நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பார்கள். அவர்களில் யார் முட்டாள், யார் வெட்கம் கெட்டவர் என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை எழுபது பேர் உட்காரும் பஸ்ஸில் கோரா ஒருத்தி போனாள். லான்ட்ஸ் முன் சீட்டில் விசிலோடு உட்கார்ந்திருந்தார். ஜூலையில் மதிப்பெண் வந்தது. ஐந்துக்கு ஐந்து. அவள் அம்மா தொழிற்சாலை உடுப்போடு என் வீட்டு வாசலுக்கு வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கோரா ஆகஸ்டில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள்.

பள்ளிக்கு எதிரே பெரிய பலகை ஒன்று வைத்தார்கள். கோராவின் படம், மல்யுத்த உடையில், அதற்குக் கீழே: "மில் ஃபோர்க்கில் எதுவும் சாத்தியம்." டேல் தானே நின்று ஆணி அடிப்பதை மேற்பார்வை பார்த்தார்.

பள்ளி திறந்த வாரம் அவர் அறைக்குப் போய், இந்த வருடமாவது கால்குலஸ் வகுப்பு கொடுங்கள், எத்தனை பேர் வந்தாலும் நடத்துகிறேன், மதிய உணவு நேரத்திலேயே நடத்துகிறேன் என்றேன்.

"எதுக்கு லோர்னா?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "அதான் நம்மகிட்ட ஒரு வழி இருக்கே. கோரா போன வழி."

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஐரிஸ் டன்லப் வந்தாள். எனக்குத் தெரிந்த பிள்ளை, கணக்கில் கெட்டி, ஆஸ்துமாக்காரி. மூச்சு மருந்துக் குப்பி எப்போதும் கையில் இருக்கும். "சார், எனக்குக் கால்குலஸ் படிக்கணும்," என்றாள்.

டேலின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லது. உக்காரும்மா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மேசையில் இருந்த மல்யுத்த அணிக்கான தாளைத் தன் பக்கம் நகர்த்தி, பேனா மூடியைக் கழற்றினார்.

"உன் எடை எவ்வளவு?"