அத்தானின் ஸ்டீயரிங்

மழைக்காலம் முடிந்ததிலிருந்தே அத்தானின் பயணிகள் படகில் ஸ்டீயரிங் இறுகிக் கிடந்தது. திருப்ப வேண்டுமென்றால் அவர் பக்கப் பலகையில் காலை ஊன்றி, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து, உடம்பையே தூக்கிப் போட வேண்டும். போன வாரம் திருப்பம் தாமதமாகிப் படகு துறைச்சுவரில் உரசிவிட்டது. பயணிகள் புகார் செய்தார்கள். படகின் முதலாளி நேற்று நேரிலேயே வந்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில முதல் நடைக்கு நானும் ஏறுறேன். எங்கயும் இடிக்காம அக்கரைக்குப் போனா படகு உங்க கையில. இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

அவர் போனதும் அத்தான் அக்காவைப் பிடித்துக்கொண்டார். அக்கா அதே படகில் சீட்டு கிழிக்கிறாள். படகோட்டும் பரீட்சைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அவள் முதல் தடவையிலேயே தேறினாள். அவருக்கு இன்னொரு தடவை தேவைப்பட்டது. அதன் பிறகு அவளை அவர் சக்கரத்தைத் தொட விட்டதில்லை.

"உன் மூஞ்சியில முழிச்சுட்டு வந்தா படகு எப்படிடி திரும்பும்?" துறையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். "இதுல, நான் பிடிக்கட்டுமான்னு கேக்குறா. உன் கைக்குச் சீட்டு கிழிக்கத்தான் தெம்பு."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதைப் பார்த்தால் என் பொருள்களை எடுத்து ஒளித்துவைத்துவிடுவேன்.

"இவ பார்க்கட்டுமே. சாயங்கால கிளாஸ்ல மோட்டார் வேலைதானே படிக்கிறா" என்று என்னைக் காட்டினாள்.

"ஓ, இன்ஜினியரம்மாவா? பார்க்கட்டும். கழட்டிப் போட்டுட்டு என்னைக் கூப்பிடாம இருந்தாச் சரி."

எனக்கும் அந்தப் பயம்தான். வகுப்பில் செய்வது மேஜை மேல் வைத்த மோட்டாரில். தவறினால் திரும்பச் செய்யலாம். அதனால் சொல்லித் தந்த வரிசையிலேயே போனேன். சக்கரத்திலிருந்து போகும் கேபிள்தான் படகின் பின்னால் தொங்கும் மோட்டாரைத் திருப்பும்; மோட்டார் திரும்பினால் படகு திரும்பும். முதலில் இரண்டையும் இணைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, மோட்டாரைத் தனியாகத் திருப்பிப் பார்த்தேன். கதவு போல ஆடியது. ஆகவே கோளாறு மோட்டாரில் இல்லை. கேபிளின் முனையில் ஓர் இரும்புத் தண்டு இருக்கிறது. அது மோட்டாரை ஒட்டிய குழாய்க்குள் போய் வர வேண்டும். அதுதான் அசையவில்லை.

பெரிய நட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டித்தட்டித் தண்டை உருவினேன். கூடவே பழைய கிரீஸ் மெழுகு போலக் கட்டிகட்டியாக வந்தது. குழாய்க்குள் விரல் நுழைய இடமில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாயிற்று. எங்கள் துறையில் படகுகள் நெருக்கியடித்துக் கிடக்கும். பக்கத்துப் படகில் இடிக்காமலிருக்க அத்தான் மோட்டாரை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிவைத்துத்தான் கட்டுவார். அப்போது தண்டு முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காலையில் அதை நேராக்காமல் அப்படியே, காலியாக இருக்கும் குழாய் நிறையக் கிரீஸ் அடிப்பார். தண்டு உள்ளே திரும்பும்போது கிரீஸுக்குப் போக வழியில்லை. இறுகியது. இறுக இறுக அவர் இன்னும் அடித்தார்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றிக் குழாயைத் துடைத்தேன். தண்டின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, மெல்லப் பூசினாற்போல் புதுக் கிரீஸ் தடவி, பூட்டினேன். சக்கரத்தைத் தொட்டதும் மோட்டார் திரும்பியது. சந்தேகப்பட்டு மறுபடி எல்லா நட்டையும் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

வீட்டில் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அத்தான், கிரீஸ் அடிக்கும்போது மோட்டாரை..." என்று ஆரம்பித்தேன்.

"நீ மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்ச காலத்துலேர்ந்து அதுக்கு நான் கிரீஸ் அடிக்கிறேன்."

"இல்ல அத்தான், இப்ப ரொம்ப..."

"என் படகைப் பத்தி எனக்கே பாடமா? வாயை மூடிட்டுப் போ."

அடுக்களையில் அக்காவிடம் சொன்னேன். "ரொம்ப லேசாயிடுச்சுக்கா. பழைய மாதிரி இழுத்தார்னா அவ்வளவுதான். ஒரு தடவை திருப்பிப் பார்க்கச் சொல்லு."

அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "வாயை மூடுன்னு உன்கிட்ட சொன்னாரா இல்லையா?"

"சொன்னார்."

"அப்புறம் என்னடி. பெரியவங்க சொன்னாக் கேட்டுக்கணும்."

இன்று காலை முதலாளி முன்பலகையில் உட்கார்ந்தார். பயணிகள் ஏறினார்கள். அத்தான் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். மோட்டார் ஓடத் தொடங்கியதும், எப்போதும் போல் காலை ஊன்றி, கைகளை உதறிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கால் மேல் தன் காலை வைத்து அழுத்தினாள்.

அத்தான் உடம்பைத் தூக்கிப் போட்டார்.

சக்கரம் முழுச் சுற்றும் சுற்றிவிட, அவர் அதன் மேலேயே கவிழ்ந்தார். படகு பம்பரம் போல் திரும்பிப் பக்கத்துப் படகின் விலாவில் இடித்தது. முதலாளி முன்பலகையிலிருந்து விழுந்து, உதடு கிழிந்து எழுந்தார். அத்தான் பதறி மறுபக்கம் இழுத்தார்; அதுவும் முழுச் சுற்று. பின்புறம் துறைச்சுவரில் மோதியது.

"இறங்குங்க" என்றார் முதலாளி, வாயைத் துடைத்தபடி.

"ஸ்டீயரிங்ல ஏதோ பண்ணிட்டா, இவதான்..."

அக்கா அவரைத் தாண்டிப்போய்ச் சக்கரத்தில் ஒரு விரலை மட்டும் வைத்தாள். படகு நிதானமாக விலகி நேரானது. முதலாளி அந்த விரலையே பார்த்தார்.

"லைசென்ஸ் இருக்காம்மா?"

"இருக்குங்க. ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்."

பிறகு தோளிலிருந்த சீட்டுப் பையைக் கழற்றி அத்தானிடம் நீட்டினாள். "இந்தாங்க. இதுக்குத் தெம்பு வேணாம்."

நேற்றுச் சிரித்தவர்களில் பாதிப்பேர் படகில் இருந்தார்கள். இன்றும் சிரித்தார்கள். அத்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பின் ஒவ்வொருவருக்கும் சீட்டு கொடுத்துக்கொண்டு வந்தார். கிழிக்கத் தெரியாமல் கோணலாகக் கிழித்தார்.

அந்தப் படகில் நான் சீட்டு வாங்கியதே இல்லை. என் முன்னால் வந்தபோது முகத்தைப் பார்க்காமல் எனக்கும் ஒன்றைக் கிழித்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.