நீண்ட சங்கு

ட்வெய்ட்–ரிண்டே மர மில்லில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டை ஒட்டி நின்ற மரத்தை அறுப்பதில்லை. அதில் ஆணி இருக்கும். ஆணியில் பட்டால் வட்ட ரம்பத்தின் பல் குண்டு மாதிரித் தெறிக்கும். எதிரில் நிற்பவன் பிழைக்கமாட்டான்.

1911 கோடையில் அதை மீறவேண்டி வந்தது. ரயில் பாலத்துக்கு நீள உத்தரங்கள் கேட்டிருந்தார்கள். கொடுத்தால் மில் பிழைக்கும். இல்லையென்றால் ஆற்றின் கீழ்ப்பக்கத்துப் பெரிய கம்பெனி விழுங்கிவிடும். மலையின் நெடுமரங்களைக் கம்பெனிக்காரர்கள் எப்போதோ வெட்டித் தீர்த்திருந்தார்கள். அந்த நீளத்துக்கு மிஞ்சியது ஹால்வர் ட்வெய்ட்டின் வீட்டெதிரே நின்ற தேவதாரு ஒன்றுதான்.

ரம்பம் ஓட்டும் அஸ்லாக் ரிண்டே அவனுடைய கூட்டாளி, மனைவியின் அண்ணன்.

"மாப்ளே, இதுல இரும்பு கிரும்பு இருக்கா? யோசிச்சுச் சொல்லு. எதிர்ல நிக்கப்போறது நான்."

"இல்ல."

வசந்தத்தில் மனைவி இங்கெலைவ் பிரசவத்தில் போனதிலிருந்து ஹால்வர் எதற்கும் ஒற்றைச் சொல்தான் சொன்னான். சாப்பிட்டாயா என்றால் ஆம். தூங்கினாயா என்றால் ஆம். இரண்டும் பொய்.

"நீங்க போனாலும் பரவால்லண்ணே," என்றான், மரத்தை ரம்பத்துக்குக் கொண்டுபோகும் வண்டியில் அதைப் பிணைக்கும் ஒலாவுஸ். "ரம்பம் போனா வேற ஏது?"

நீளம் குறையக்கூடாதென்று மரத்தைத் தரையோடு ஒட்டி வெட்டிச் சாய்த்தார்கள்.

ஹால்வருக்குக் கொதிகலன் வேலை. முதல் அறுப்பில் கழிந்த மேல்பலகை விறகாக அவனிடம் வந்தது. தூக்கும்போது பார்த்தான். வெண்மரத்தில் கருநீலமாக ஒரு கோடு. இரும்பு கசிந்த கறை.

துணி காயப்போடும் கயிற்றுக்கு அவன் அடித்த கொக்கி. இருவரும் அந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷம். பட்டை வளர்ந்து மூடியிருந்தது.

அங்கே அடுத்த அறுப்புக்கு மரத்தைப் புரட்டி முடித்துவிட்டார்கள். வண்டி நகர்ந்தது. கத்தினான். ரம்பச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கொதிகலன் மேலிருந்த ஆவிச் சங்கின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். விடவில்லை.

நீண்ட சங்கு என்றால் மில்லில் ஆள் செத்தான் என்று அர்த்தம். ரம்பம் நின்றது. குடியிருப்பிலிருந்து பெண்கள் மாவுக் கையோடு ஓடி வந்தார்கள்.

"யாரு? யாரு வீட்டு ஆளு?"

இங்கெலைவுக்கு அது ஊதப்படவில்லை. மில் ஆட்களுக்கு மட்டும்தான் ஊதுவார்கள். ஹால்வரின் விரல்களை அஸ்லாக் ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து பிரித்தான்.

மரத்தில் அதே கறையைப் பார்த்துக் கோடாலியால் கொத்தி, கொக்கியை வெளியே எடுத்தான்.

"இல்லன்னியே?"

"ஞாபகமில்ல மச்சான்."

"ஞாபகமில்லயாம்! பொணமாயிருப்பேன்டா நானு."

"எடுத்தாச்சுல்லண்ணே," என்றான் ஒலாவுஸ். "ஆவி எறங்கறதுக்குள்ள அறுத்துடலாம். உத்தரத்துக்குச் சேதமில்ல."

அஸ்லாக் தன் இடத்துக்குப் போனான். விசையில் கை வைத்தான்.

"இன்னொண்ணு இருக்கு," என்றான் ஹால்வர்.

"எங்க?"

"எந்தப் பக்கம்னு தெரியல. மொதல்ல என் உயரத்துக்கு அடிச்சேன். அவளுக்கு எட்டல. எக்கி எக்கிப் பாத்துச் சிரிச்சா. அப்புறம் கீழ ஒண்ணு அடிச்சேன்."

அவள் போனபிறகு அவளைப் பற்றி அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

மரத்தின் அடிப்பகுதியை முழுசாகத் துண்டித்தால்தான் ரம்பத்துக்கு ஆபத்தில்லை.

"துண்டிச்சா நீளம் பத்தாது," என்றான் அஸ்லாக்.

"பத்தாது."

அஸ்லாக் கொக்கியைக் கையில் புரட்டிக்கொண்டே நின்றான்.

"குட்டச்சி," என்றான்.

பிறகு இரட்டைப்பிடி ரம்பத்தை எடுத்து ஒரு முனையை ஹால்வரிடம் நீட்டினான். இருவரும் எதிரெதிரே மண்டியிட்டு இழுக்கத் தொடங்கினார்கள். ஒலாவுஸ் போய், ரம்பத்துக்கு இனி வேண்டாத ஆவியைக் கொதிகலனிலிருந்து திறந்துவிட்டான்.